குறுஞ்செய்தியில் நம் தமிழ்

தமிழில் சற்று நீளமாக எழுதினால், ஒரு குறுஞ்செய்தி இரண்டாகவோ மூன்றாகவோ கணக்கிடப்படுவதை நம்மில் பலர் கண்டிருப்போம். காரணம் யாது?

முதல் குறுஞ்செய்தி 1992 டிசம்பர் 3ஆம் நாள் இங்கிலாந்தில் அனுப்பப்பட்டது. நீல் பாப்வொர்த் என்ற இளம் பொறியாளர் கணினியிலிருந்து ஒரு கைபேசிக்கு அனுப்பிய கிறிஸ்மஸ் வாழ்த்து அது, இரண்டே சொற்கள்!

ஒரு செய்திக்குரிய இடம் 1120 பிட். ஆங்கில எழுத்துக்கு 7 பிட் போதும். ஆகவே 160 எழுத்துகள் அடங்கும். தமிழோ பொதுவாக யூனிகோடு முறையில் 16 பிட் கேட்கிறது, ஆகவே 70தான். அந்த எழுபதும் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. ‘அம்மா’ நமக்கு மூன்றெழுத்து. கைபேசிக்கோ அ, ம, புள்ளி, ம, துணைக்கால் என ஐந்து. ‘பள்ளிக்கூடம்’ நமக்கு ஏழு, அதற்குப் பன்னிரண்டு!

எழுபதைத் தாண்டினால் செய்தி துண்டுகளாகும். துண்டுகளை வரிசைப்படுத்தும் குறிப்புக்கும் இடம் வேண்டுமாதலால், துண்டுக்கு 67தான். 160 எழுத்துள்ள ஆங்கிலச் செய்தியில் ஓர் எழுத்தை மாற்றி ‘அ’ என்று இட்டாலும், அது மூன்று செய்தியாகிவிடும்.

இதற்கு அஞ்சித் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகிறோம். பள்ளியும் பல்லியும் ஒன்றாகிவிடுகின்றன! அது போகட்டும், ஊரிலிருக்கும் பாட்டிக்கு ஆங்கில எழுத்துத் தெரியாதே. வாட்ஸ்அப்பில் இந்த எழுபது கணக்கு இல்லைதான். ஆனால் பாட்டியின் பொத்தான் கைபேசியில் இணையம் ஏது?

‘நலமாக வந்து சேர்ந்தேன். ஞாயிறு பேசுகிறேன்.’ விடுதியிலிருந்து பாட்டிக்கு இவ்வளவு போதுமே. கைபேசிக் கணக்கில் இது 42. ‘மருந்து சாப்பிட்டீர்களா?’ என்று கேட்கவும் இடமிருக்கிறது.