கோடைக்கு எத்தனை வகுப்பு?

கேள்வி: 5, 8 வயதில் இரண்டு பிள்ளைகள். விடுமுறையில் நீச்சல், அபாகஸ், ஓவியம் எல்லாவற்றிலும் சேர்க்கவா, ஊருக்கு அனுப்பவா?
– வாசகி, மதுரை

பதில்: ஒரு வகுப்பு போதும், சகோதரி. அது நீச்சலாகவே இருக்கட்டும். உயிர் காக்கும் கலை அது. காலை நேரமாகப் பார்த்துச் சேருங்கள். மே முதல் வாரத்தில் கத்திரி தொடங்கிவிடும். அப்போது உச்சி வெயிலில் வெளியே விடாதீர்கள். பல்லாங்குழி, தாயம், நீர்மோர், குட்டித் தூக்கம் என்று பகல் கழியட்டும். உங்கள் ஊரில் 2023-இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் சிறுவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது, அழைத்துப் போங்கள். தாத்தா பாட்டி வீட்டுக்குக் கட்டாயம் அனுப்புங்கள். "போரடிக்குது" என்றதும் செல்போனை நீட்டாமல் சற்றுப் பொறுங்கள். அவர்களே ஒரு விளையாட்டைக் கண்டுபிடிப்பார்கள்.