புது கட்டட வேலை எங்கே கிடைக்கும்?

தமிழ்நாடு ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) இணையதளத்தில் பதிவான திட்டங்களின் பட்டியல் இருக்கிறது. மதுரை முகவரிகளைத் தேடினால் புரமோட்டர் பெயரோடு கிடைக்கும், காசு வேண்டாம். தனி வீடுகள் அதில் வராது. நம் மேஸ்திரிகளுக்குச் சோறு போடுவதோ அவைதான்!

2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு, 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே உடனடி அனுமதி. அனுமதி கிடைத்ததும் வேலை தொடங்கிவிடலாம்; ஆகவே ஒத்தக்கடை, ஊமச்சிகுளம் பக்கம் வண்டியில் ஒரு சுற்றுப் போய்வாருங்கள். போர்வெல் லாரி நிற்கும் மனையில் கொத்தனார் பேசலாம். எலெக்ட்ரீஷியன் தளத்துக்குக் கம்பி கட்டும்போதே போய்விட வேண்டும். கான்கிரீட் போட்டபின் பைப் பதிக்க முடியாது. டைல்ஸ்காரர் பூச்சு வேலை நடக்கும்போது போனால் போதும்.

ஆர்.டி.ஐ.யில் 10 ரூபாய் கட்டி, மாநகராட்சியிடம் அனுமதி விவரம் கேட்கலாம். பதிலுக்கு 30 நாள் கெடு. வீட்டுக்காரர் செல்போன் எண்ணை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.