பார்பெல் குந்துப் பயிற்சியும் கழுத்து நோவும்

கராமாவின் உடற்பயிற்சிக் கூடங்களில், பணி முடிந்த மாலை வேளையில் பார்பெல்லைத் தோளில் ஏற்றிக் குந்தி எழுவோர் உண்டு. ஊரில் பஸ்கி எடுத்துப் பழகிய கால்கள் பளுவைத் தாங்கிவிடும். ஆயினும் சிலருக்குக் கழுத்து நோகிறது. கம்பி அமரும் இடமே பெரும்பாலும் அதற்குக் காரணம்.

தலையைக் குனிந்து பிடரியின் அடியில் விரலால் தடவினால் புடைத்த எலும்பு ஒன்று தட்டுப்படும். பொதுவாக அது ஏழாவது கழுத்து முள்ளெலும்பு. கம்பி அதன்மீது அமரலாகாது. அதற்குக் கீழே, மேல்முதுகின் தசைமேட்டில் அமர வேண்டும். அந்த மேடு தானாக எழுவதில்லை. கம்பியை இறுகப் பற்றி, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் பின்னால் நெருக்கும்போதே தசை திரண்டு மெத்தையாகிறது. கைகள் தளர்ந்தால் பளு எலும்பில் இறங்கும். பஞ்சு உறையை நாடுவோரும் உளர்; உறை அழுத்தத்தைப் பரப்புமேயன்றித் தவறான இடத்தைத் திருத்தாது.

எழும்போது அண்ணாந்து கூரையைப் பார்த்தலும், பக்கத்துக் கண்ணாடியில் அழகு பார்த்தலும் கூடா. பார்வை சில அடி முன்னே தரையில் நிலைக்கட்டும்.

ஆடவர் போட்டிக் கம்பி, தட்டுகள் இன்றியே 20 கிலோ. மகளிர் கம்பி 15 கிலோ. புதியவர் வெறுங்கம்பியுடனேயே பழகலாம். நாள் முழுதும் கணினிமுன் அமர்ந்தவர் முதலில் தோள்களைச் சுழற்றித் தளர்த்துதல் நன்று. அருகிலுள்ள ஜபீல் பூங்காவில் சிறிது நடந்து வருதல் இன்னும் நன்று.

தோல் சிவத்தல் தானே ஆறும். கை மரத்துப்போதல், விரல்களில் வலுவின்மை, கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் வலி ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரைக் காண வேண்டும். பளு விழுந்து கழுத்தில் அடிபட்டவரை அசைக்காமல், 998 என்ற எண்ணில் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.