பானட்டில் நின்ற ஜீப்

அன்புள்ள தம்பி,

போன வாரம் நான் போடிமெட்டுக்கு வந்தபோது பரணிலிருந்து அந்த ஜீப் மாடல் அட்டைப்பெட்டியை இறக்கிக் காட்டினாயே, கீழே போடிக்கு இறங்கும் பதினேழு கொண்டை ஊசி வளைவிலும் எனக்கு அதே நினைப்புதான். "ஆறு வருஷமாத் தொடலண்ணே" என்று சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டாய். குனிய ஒன்றும் இல்லை. பெட்டியைக் கிளறிப் பார்த்தேன். சேஸ் முடிந்திருக்கிறது. ஆக்சில் நேராக உட்கார்ந்திருக்கிறது. பின்சீட்டுக் கம்பியைக்கூட ஈர்க்குச்சி கனத்துக்கு வளைத்து வைத்திருக்கிறாய். பானட் மட்டும் மூன்று தடவை அறுத்து மூன்று தடவை ஒட்டிய தழும்போடு கிடக்கிறது. நீ சோம்பலில் நிறுத்தவில்லை தம்பி, பானட்டில் மாட்டிக்கொண்டாய். பாதியில் நிற்கிற எந்த வேலையும் ஏதோ ஒரு துண்டில்தான் நிற்கும். அந்தத் துண்டு எது என்று தெரியாதபோதுதான் நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம்.

உன் கையில் இருப்பது இரண்டாம் உலகப் போர்க்கால வில்லிஸ் எம்.பி. கிட், அசலில் 24-இல் ஒரு பங்கு அளவு. அதில் நீ செய்யப் பார்ப்பது உன் தாத்தா ஏலத்தோட்டத்துக்கு ஓட்டிய மஹிந்திராவின் சி.ஜே.3பி, நம் ஆட்கள் தூரத்திலேயே அடையாளம் சொல்லும் அந்த உயரமான பானட் வண்டி. 1953-இல் வில்லிஸ் கம்பெனி இன்லெட் வால்வை மேலே, ஹெட்டில் வைத்த ஹரிக்கேன் எஞ்சினை ஜீப்புக்குள் இறக்கியது. எஞ்சின் உயரமானதால் பானட்டையும் தூக்க வேண்டியதாயிற்று. அதோடு கிரில்லும் உயர்ந்தது, முன்கண்ணாடி குட்டையானது. நீயோ பானட்டின் மேல்தகட்டில் பட்டி அப்பி உயரம் காட்டப் பார்த்திருக்கிறாய். அது வீங்கின முகம் மாதிரிதான் தெரியும். உயரம் பக்கத்தகட்டிலிருந்து வர வேண்டும். மேல்தகட்டைக் கழற்றி வை. அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்டில் இரண்டு பக்கத்தையும் புதிதாக வெட்டு. கிரில்லும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். போர் ஜீப்புக்கு ஒன்பது பிளவு, இதற்கு ஏழு. ஹெட்லைட்டும் இதில் பெரியது.

அளவைப் போட்டோவிலிருந்து எடுக்காதே, கேமரா பொய் சொல்லும். பட்டறை எதிலாவது பழைய உயர் பானட் வண்டி நின்றால் டேப்போடு போ. டிரைவரிடம் கேட்டுவிட்டுத் தொடு, ஒரு டீ வாங்கிக் கொடு. அவரே நாலு விஷயம் சொல்வார். எடுக்கிற ஒவ்வொரு அளவையும் 24-ஆல் வகுத்து அங்கேயே எழுது. வீல்பேஸ் இரண்டு வண்டிக்கும் ஒன்றேதான், 80 அங்குலம், அதாவது 2,032 மி.மீ. உன் சேஸில் அது 84.7 மி.மீ. வர வேண்டும். நான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், வருகிறது. அதனால் சேஸ் பக்கம் கையையே கொண்டுபோகாதே.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. திரும்ப வருகிறவனுக்கு எல்லாவற்றையும் பிரித்துப்போட்டு முதலிலிருந்து தொடங்கத்தான் கை பரபரக்கும். நம் போடி ரயிலை நினைத்துப் பார். 2010 டிசம்பர் 31-ஓடு மதுரை–போடி மீட்டர் கேஜ் வண்டி நின்றது. தேனி வரை திரும்ப வந்தது 2022 மே மாதம், போடிக்கு வந்தது 2023 ஜூன் 15. பன்னிரண்டரை வருஷம். ஆயிரம் மில்லிமீட்டர் தண்டவாளம் போய் 1,676 மில்லிமீட்டர் வந்தது. ஆனால் பாதை பெரும்பாலும் பழைய பாதைதான். மாற்ற வேண்டியதை மாற்றினார்கள், வழியை விட்டுவிட்டார்கள். அன்று ஸ்டேஷனில் கூடிய கூட்டத்தில் நானும் நின்றேன். இத்தனை வருஷம் ஏன் என்று அந்த நேரத்தில் அங்கே யாரும் கேட்கவில்லை.

இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. டயர்களை ரிம்மிலிருந்து கழற்று. கிட்டோடு வருகிற வினைல் டயரில் அதை மிருதுவாக வைக்கும் எண்ணெய்ப்பசை இருக்கும். அது மெல்லக் கசிந்து பாலிஸ்டைரீன் ரிம்மைக் கரைத்துவிடும். உன் இடது பின்சக்கரத்தில் விளிம்பு ஏற்கெனவே மெழுகு மாதிரி பளபளக்கிறது, விரல் வைத்தால் ஒட்டுகிறது. கரைந்ததைச் சீவி எடு, கொஞ்சம் பட்டி வை, காய்ந்ததும் உப்புத்தாளில் தேய். மறுபடி மாட்டும்போது ரிம்மைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு மாட்டு.

பெயின்ட் விஷயத்தில் உன் ஊரே உனக்கு எதிரி. மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து போகிற இடத்தில் லாக்கர் அடித்தால் பூச்சு பால் படர்ந்தது போல வெளுக்கும். தின்னர் ஆவியாகும்போது மேற்பரப்பு சில்லிட்டு, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் படிகிறது, அவ்வளவுதான். என் முதல் ஜீப்புக்கு இப்படி ஆனபோது சீக்கிரம் காயட்டும் என்று ஏலக்காய் காயவைக்கும் ஸ்டோரில் சூட்டுக்குழாய் பக்கத்தில் வைத்தேன். காலையில் பார்த்தால் பானட் நடுவில் அப்பளம் மாதிரி தொய்ந்திருந்தது. பக்குவமான சூட்டில் ஏலக்காய் பச்சை மாறாமல் காயும். குழாயை ஒட்டி வைத்த பிளாஸ்டிக் பிழைக்காது. அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் அதை நான் தொடவில்லை. உன் ஆறு வருஷத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு இதுதான் காரணம். நீ தை வரை பொறு. வெயில் தெளிந்த நாளில், பத்து மணிக்குமேல், மெல்லிசாக அடி. இன்னொன்று, உன் பழைய பூச்சு எனாமல். அதன்மேல் நேராக லாக்கர் அடித்தால் கீழே இருப்பது சுருங்கி முதலைத்தோல் ஆகிவிடும். ஒன்று எனாமலிலேயே முடி, இல்லையென்றால் பழையதை முழுக்க உரித்துவிட்டு அடி.

அழுக்கு ஏற்றுவதைக் கடைசிக்கு வை. அதுதான் எனக்குப் பிடித்த கட்டம், உனக்கும் பிடிக்கும். வண்டி முழுக்கத் துருவைத் தூவிவிடாதே. விடியுமுன்னே போடியிலும் தேவாரத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பூப்பாறைப் பக்கம் போகிற ஜீப்பைப் போய்ப் பார். பின்படியில் பெயின்ட் இருக்காது, இரும்பு வெள்ளையாக மின்னும். தூக்குவாளியோடு ஏறுகிற பெண்கள் பிடித்துப் பிடித்து, கைப்பிடிக் கம்பியில் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் வழுவழுப்பு ஏறியிருக்கும். அந்தச் சாணுக்கு மேலும் கீழும் பெயின்ட் அப்படியே இருக்கும். படுதாவில் மடிப்பு விழுகிற இடத்தில் வெளுப்பு. செம்மண் சக்கர வளைவுக்குள்ளே அப்பியிருக்கும், வெளியே மழை கழுவியிருக்கும். உன் தாத்தா வண்டியில் எத்தனை பேர் ஏறி இறங்கினார்கள் என்பதை அந்தக் கைப்பிடி ஒன்றே சொல்லிவிடும். படுதாவுக்கு டீ பேக்கின் தாளை எடு. ஃபெவிக்காலைத் தண்ணீர்விட்டுக் கரைத்து நனைத்துப் போர்த்து, காய்ந்தால் விறைப்பாக நிற்கும்.

வருகிற ஞாயிறு மேலே வருகிறேன். என் பழைய வெர்னியரைக் கொண்டுவருகிறேன், நீயே வைத்துக்கொள். பக்கத்தகடு இரண்டையும் வெட்டி வைத்திரு. ஒட்டிவிடாதே, சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அண்ணன்