தவறணை போடப் போகும் மகளுக்கு

மகளே,

பெரகல சந்திக்குக் கீழே, வீட்டுக்குப் பின்னால் மரக்கன்றுத் தவறணை போடப் போகிறாய் என்று உன் அப்பன் சொன்னான். சந்தோஷம். தோட்டத்துத் தேயிலைத் தவறணையில் பாதி ஆயுள், சொந்தப் பாத்திகளில் மீதி ஆயுள் என்று கழித்தவன் உன் பெரியப்பா. எனக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி கன்றுகளைக் கெடுத்துக் கற்றது. நீயும் அதே விலை கொடுக்க வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

1. வேரை மறைத்து விற்காதே. விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பார்கள். நம் தொழிலுக்கு அது போதாது. முளை அழகாக இருக்கும்போதே வேர் கெட்டிருக்கும். ஒரு வருடம் மழை பிந்திப்போய், நாம் சவுக்கு என்று சொல்கிற கிரவிலியாக் கன்று இருநூறு என் பாத்தியில் தங்கிவிட்டது. பொலித்தீன் பைக்குள் வேர் சுற்றிச் சுற்றிச் சும்மாடு போல ஆகிவிட்டது. மேலே பார்த்தால் இடுப்பு உயரம், தளதளவென்ற இலை. அடுத்த வருடம் ஹல்துமுல்லப் பக்கத்து விவசாயி ஒருவர் அந்த உயரத்துக்கு ஆசைப்பட்டு வாங்கினார். எனக்குத் தெரியும், நான் சொல்லவில்லை. ஆறு வருடம் மரங்கள் நன்றாகத்தான் வளர்ந்தன. ஏழாம் வருடம் ஓகஸ்ட் மாதக் கச்சான் காற்றில் ஒரு வரிசை அப்படியே சாய்ந்தது. போய்ப் பார்த்தேன். பெயர்ந்து கிடந்த அடிமரத்தில் என் பையின் வட்டம் அழியாமல் இருந்தது. அவர் காற்றைத் திட்டினார்; என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கத்தரி நாற்று கெட்டால் மூன்று மாதத்தில் வந்து சண்டை பிடிப்பார்கள். மரக்கன்று கெட்டது தெரிய வருடங்கள் ஆகும். அதற்குள் கொடுத்தவர் யார் என்பதே மறந்துபோகும். கேட்க ஆள் இல்லாத இடத்தில் உன் மனசுதான் கங்காணி. இடைக்கிடை பைகளை நகர்த்தி வை. அடியால் மண்ணுக்குள் இறங்கும் வேர் அறுபடும். விற்குமுன் ஒவ்வொரு வரிசையிலும் ஒன்றிரண்டைக் கிழித்துப் பார். வேர் சுற்றியிருந்தால் வரிசையோடு உரக்குழியில் போடு. அந்த நட்டம் உன்னோடு போகட்டும்.

2. தாய்மரத்தைப் பார்த்து விதை எடு. கைக்கு எட்டுகிறது என்பதற்காகக் கோணல் மரத்தின் விதையைப் பொறுக்காதே. நேராக ஓங்கி நிற்கும் மரங்களைத் தேடு. ஒன்றில் அல்ல, பல மரங்களில் எடு. சவுக்குக் காய் வெடித்தால் விதை காற்றோடு போய்விடும். அந்த ஓரிரண்டு நாளைத் தவறவிட்டால் ஒரு வருடம் போனது. பலாக்கொட்டை இதற்கு நேர்மாறு. காய்ந்தால் செத்துவிடும். நல்ல விதையென்று துணியில் முடிந்து பரணில் பத்திரப்படுத்தினேன், முதல் வருடம். ஒன்றும் முளைக்கவில்லை. எதைச் சேர்த்து வைக்கலாம், எதை வைக்கக்கூடாது என்பதைக் கொட்டை சொல்லித்தரும்.

3. மழையிலிருந்து பின்னால் எண்ணு. ஊவாவுக்குப் பெருமழை ஒக்டோபரில் தொடங்கித் தை வரை. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வறண்ட காற்று. உலகம் விலை கொடுத்து வாங்கும் ஊவாத் தேயிலையின் மணத்தைத் தருவது அந்தக் காற்றுதான். இளங்கன்றைக் கொல்வதும் அதுவே. நடவு ஒக்டோபரில் என்றால், ஓகஸ்டிலிருந்தே பந்தலைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திற, தண்ணீரைக் குறை. செல்லமாக வளர்ந்த கன்று பட்டனாப் புல்வெளி வெயிலில் ஒரு வாரம் நிற்காது. ஜூலையில் காசை நீட்டிக் கேட்பவர்கள் வருவார்கள். இல்லை என்று சொல்லப் பழகு. எனக்கு அது நாற்பது வயதுக்குப் பிறகுதான் வந்தது.

4. எங்கே நடப்போகிறீர்கள் என்று கேட்காமலும், பதிலை யோசிக்காமலும் கன்றைக் கையில் கொடுக்காதே. ஊற்றுக் கண்ணுக்கு மேலே நடுவதற்கென்று சொல்லியே ஒருவர் என்னிடம் யூக்கலிப்டஸ் கேட்டார். சீக்கிரம் விறகாகும் என்று நானும் கொடுத்தேன். சில வருடத்தில் கீழேயிருந்த லயத்துக் குடியிருப்பின் பீலியில் தண்ணீர் நூலாக இறங்கியது. ஊற்றோரத்துக்கு மருது கொடு. வேலிக்கும் தழைக்கும் கிளிரிசீடியாப் போத்து போதும். அதற்குத் தவறணையே வேண்டாம், சும்மா வெட்டிக் கொடுத்து அனுப்பு.

5. ஒரே இனத்தை நம்பிப் பாத்தி போடாதே. இந்த மலைகளின் பயிரெல்லாம் தவறணை வழியாக வந்தவைதான். 1861இல் ஹக்கலத் தோட்டத்தைத் தொடங்கியதே சிங்கோனாக் கன்று வளர்க்கத்தான். 1869இல் இலைத்துரு நோய் வந்து கோப்பி அழிந்தபோது துரைமார் எல்லோரும் ஒன்றாகச் சிங்கோனாவை நட்டார்கள். 1880களில் பட்டை குவிந்து விலை விழுந்தது. பிறகுதான் மலையெல்லாம் தேயிலை. அவர்களுக்கு விழுந்து எழப் பணம் இருந்தது. உன்னிடம் வாங்குகிறவருக்கு இருக்காது. அவர் ஐம்பது சவுக்குக் கேட்டால், முப்பது சவுக்கு, பத்து சப்பு, ஐந்து மலைவேம்பு, ஐந்து பலா என்று பேசிப் பார்.

6. நிலம் யாருடையது என்பதை மறவாதே. 1982இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு பதுளை உட்பட மலை மாவட்டங்களில் சமூக வனத் திட்டம் வந்தது. ஊருக்குப் பொதுவென்று நட்ட விறகுக் காடுகளைவிட, குடும்பங்களுக்குத் துண்டு துண்டாகக் கொடுத்த காடுகளே நன்றாக நின்றன. தனக்கென்று இருந்தால்தான் ஒருவன் வெயிலில் குடத்தைத் தூக்குவான். நம் சனம் பரம்பரை பரம்பரையாக அடுத்தவன் மண்ணில் நட்டது. லயத்தை விட்டு 7 பேர்ச்சில் வீடு கட்டி வந்த ஒருத்தி உன்னிடம் வந்தால், அவள் கேட்பது வெறும் கன்று இல்லை. பெரிய மரத்தை அவள் தலையில் கட்டாதே. கூரையை இடிக்காத நெல்லியோ தோடையோ கொடு. பலா வாங்குகிறவரிடம் முன்கூட்டியே சொல்: பலாவையும் ஈரப்பலாவையும் அனுமதி இல்லாமல் வெட்ட முடியாது, 1951ஆம் ஆண்டுச் சட்டம் அப்படி.

7. மரம் வைத்தால் மலை சரியாது என்று ஒருநாளும் சொல்லி விற்காதே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை மீரியபெத்தயில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனதை நீ கேட்டே வளர்ந்தாய். கொஸ்லந்த நமக்கு எவ்வளவு பக்கம்! வேர் மேல்மண்ணைப் பிடிக்கும், மழை அடிக்கும் வேகத்தை இலை தாங்கும், அவ்வளவுதான். ஆழத்தில் தண்ணீர் ஊறி மலை நகரும்போது எந்த மரமும் தடுக்காது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஆபத்தென்று குறித்த இடத்தில் வீடு இருந்தால், கன்றைப் பற்றிப் பேசாதே. முதலில் வீட்டை மாற்றச் சொல்.

8. பை நிரப்புகிற கைகளுக்கு ஒழுங்காகக் கூலி கொடு. தவறணையைத் தாங்குவது பெண்கள்தான். புகழ் மட்டும் என்னைப்போன்ற ஆண்களுக்கு வந்தது. கென்யாவில் வங்காரி மாத்தாய் என்ற பெண் 1977இல் ஏழு மரங்களோடு மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கினார். கிராமத்துப் பெண்கள் கன்று வளர்த்தார்கள். பிழைத்த கன்றுக்குத்தான் அவர்களுக்குச் சிறு தொகை கிடைத்தது. நட்ட கணக்கு வேறு, பிழைத்த கணக்கு வேறு என்று அங்கே புரிந்திருந்தது. நீயும் ஒரு கொப்பி போடு. யார் எத்தனை வாங்கினார், அடுத்த வருடம் எத்தனை உயிரோடு நிற்கிறது என்று நடந்துபோய்ப் பார்த்து எழுது. விழுந்ததையும் எழுது. அந்த ஹல்துமுல்லக்காரரின் வரிசையை நான் எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

நல்ல சுளை தரும் மூன்று மரங்களின் பலாக்கொட்டை இன்று காலைதான் எடுத்தேன். ஈரச் சாக்கில் சுற்றித் திண்ணையில் வைத்திருக்கிறேன். நாலு நாளைக்குள் வந்து எடுத்துக்கொண்டு போ, மகளே. பிந்தினால் முளைக்காது.