போர்டு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

சர்க்யூட் வரையறது வரைக்கும் கிளாஸ்ல சொல்லிக் குடுத்துடறாங்க. அது பச்சை போர்டாகிக் கைக்கு வர்றதுக்குள்ள எத்தனை இடத்துல தப்பு வரும்னு, போர்டைக் கையில வாங்கின பிறகுதான் தெரியுது. எங்க மினி புராஜெக்டையே உதாரணமா எடுத்துக்குவோம்.

ஆர்.எஸ்.புரத்துல ஒரு மாடி ரூம், நாங்க மூணு பேர், ஒரு பழைய அயர்ன் பாக்ஸ். கோயம்புத்தூர்க்காரனுக்குப் புராஜெக்ட்னா பம்புதானே? என் அப்பாரு தோட்டத்து 1 எச்பி மோட்டார், கிணத்துல தண்ணி வத்தினா தானா நிக்கணும். இதுதான் திட்டம்.

1. அச்சைத் திருப்பணுமா, வேண்டாமா?

வீட்டுல டோனர் முறையில போர்டு செய்யறவங்க எல்லாருக்கும் வர்ற முதல் சந்தேகம் இது. காகிதத்தைச் செம்புமேல கவுத்து வைக்கும்போதே படம் ஒருமுறை திரும்பிடும். அதனால அடிப்பக்க லேயரை அப்படியே அச்சடிங்க. மேல்பக்க லேயரைத்தான் கண்ணாடி பிம்பமாக்கணும். அடிப்பக்கத்துல உங்க பேரை எழுதி வைங்க. காகிதத்துல திரும்பித் தெரிஞ்சா, செம்புல நேரா விழும்.

அரிச்சு முடிச்ச ஃபெரிக் குளோரைடைச் சிங்க்ல ஊத்தாதீங்க. அதுல கரைஞ்ச செம்பு இருக்கு, குழாயையும் அரிக்கும். பிளாஸ்டிக் கேன்ல சேர்த்து வெச்சு லேப்ல குடுத்துடுங்க. நொய்யல் ஏற்கெனவே பட்டது போதும்.

2. டிராக் எவ்வளவு அகலம்?

சாதாரண போர்டுல செம்பின் தடிமன் 35 மைக்ரான். ஐபிசி 2221 சூத்திரப்படி, வெளி லேயர்ல 10 டிகிரி சூடு மட்டும் ஏறலாம்னா:

- 1 ஆம்பியருக்கு 0.3 மி.மீ.
- 3 ஆம்பியருக்கு 1.4 மி.மீ.
- 6 ஆம்பியருக்கு 3.6 மி.மீ.

கரண்ட் இரண்டு மடங்கானா அகலமும் இரண்டு மடங்குன்னு நினைக்காதீங்க, அதைவிட அதிகமாவே தேவைப்படும்.

இன்னொண்ணு. 1 எச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார் ஓடும்போது சுமார் 6 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும்போது அதுபோலப் பல மடங்கு. ‘10 ஆம்பியர்’னு எழுதியிருக்கிற சின்ன நீல ரிலேயை நம்பி மோட்டாரை நேரா மாட்டினா, கான்டாக்ட் ஒட்டிக்கும். அப்புறம் மோட்டார் நிக்கவே நிக்காது. ரிலே கான்டாக்டரின் காயிலை மட்டும் இயக்கட்டும். மோட்டார் கரண்டைக் கான்டாக்டர் பார்த்துக்கும்.

3. 230 வோல்ட் பக்கத்துல எவ்வளவு இடைவெளி?

நாங்க பண்ணின பெரிய தப்பு இங்கதான். கிரவுண்டுக்காகப் போர்டு முழுக்கச் செம்பை நிரப்பிட்டோம். டிஆர்சி ஓட்டினோம், ஒரு பிழைகூட இல்ல. போர்டு அழகா வந்துச்சு. லேப் அண்ணன் வாங்கித் திருப்பிப் பார்த்தாரு. ரிலேயின் மெயின்ஸ் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல அரை மில்லிமீட்டர்.

“ஏந் தம்பி, உங்கப்பாரு ஈரக் கையோடதானே சுவிட்சத் தொடுவாரு?”

அவ்வளவுதான் கேட்டாரு. மோட்டார் ரூம்ல தூசி, ஈரம், பல்லி. அரை மில்லிமீட்டரைத் தாண்ட ஒரு துளி ஈரம் போதும். தாண்டினா, 5 வோல்ட்னு நம்பித் தொடற பட்டன்ல 230 வோல்ட் நிக்கும். டிஆர்சி எங்களை ஏமாத்தல. நாங்க குடுத்த விதியைத்தான் அது சரிபார்த்துச்சு.

இப்படிச் செய்யுங்க. மெயின்ஸ் நெட்டுகளைத் தனி வகுப்பாப் பிரிச்சு, தாழ்ந்த வோல்டேஜ் பக்கத்துக்கும் அதுக்கும் 8 மி.மீ. இடைவெளி விதியா வைங்க. இடமே இல்லைன்னாலும் 6க்குக் கீழ போகாதீங்க. மெயின்ஸ் பக்கம் செம்பு நிரப்பவே வேண்டாம்.

அந்த நீல ரிலேயில் இன்னொரு சிக்கல் இருக்கு. பொதுக் கால், காயிலோட இரண்டு காலுக்கும் நடுவுல வந்து நிக்கும். பேட் போக மிஞ்சறது 4 மி.மீ. அளவுதான். அங்க போர்டுலயே ஒரு ஸ்லாட் அறுக்கலாம். அதைவிட நல்லது, காயில் ஒரு முனையிலும் கான்டாக்ட் எதிர் முனையிலும் இருக்கிற ரிலேயை வாங்கறது.

4. ஃபைல் அனுப்பறதுக்கு முன்னாடி

- லேஅவுட்டை நிஜ அளவுல காகிதத்துல அச்சடிச்சு, வாங்கின பாகங்களை அதுமேல வெச்சுப் பாருங்க. கால் பொருந்தலைன்னா பேப்பரோட போகும்.
- ஜெர்பர் ஃபைலை வேற ஒரு வியூவர்ல திறந்து பாருங்க. டிரில் ஃபைல் தனியா இருக்கும், விட்டுடாதீங்க.
- போர்டின் வெளிக்கோடும் ஸ்லாட்டும் சரியான லேயர்ல இருக்கான்னு பாருங்க.
- உற்பத்தியாளர் சொல்ற குறைந்தபட்ச டிராக், துளை அளவுகளை டிசைன் தொடங்கும்போதே டிஆர்சியில போட்டுடுங்க.

முதல் போர்டு இன்னும் எங்க ரூம் சுவத்துல ஆணியில தொங்குது. பவர் குடுக்கவே இல்ல. இரண்டாவது போர்டு தோட்டத்துல ஓடுது. அப்பாரு இன்னும் ஈரக் கையோடதான் பட்டனை அமுத்தறாரு. அவரை மாத்த முடியாது, போர்டை மாத்தலாம்.

உங்க லேஅவுட் தயாரா? ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடி இன்னொருத்தர் கையில அந்தப் பேப்பரைக் குடுங்க. நாம பார்க்காததை அவங்க பார்ப்பாங்க.