கிரகப்பிரவேசத்துக்கு முன்பே கிளம்பிவிடும் கார்பன்

கேள்வி: சொந்த ஊரில் 1,000 சதுர அடியில் தரைத்தள வீடு கட்டப்போகிறோம். மேலே மாடி எழுப்பும் எண்ணம் இல்லை. கல்லூரியில் படிக்கும் மகள், “கட்டும்போதே கார்பனைக் குறைக்கணும்ப்பா” என்கிறாள். காண்ட்ராக்டரோ, பி.பி.சி. சிமென்ட் பலம் நிற்காது, ஓ.பி.சி. 53 கிரேடுதான் போட வேண்டும் என்கிறார். கூரையில் சோலார் வைத்துவிட்டால் போதாதா?
- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: உங்கள் மகள் சொல்வதுதான் சரி. சோலார் அவசியம் வையுங்கள். ஆனால் அது குடிபோன பிறகு ஓடும் ஃபேனுக்கும் ஏ.சி.க்குமான கணக்கு. சிமென்ட்டும் கம்பியும் செங்கல்லும் தயாராகும்போது வெளியேறும் கரியமில வாயு, நீங்கள் பால் காய்ச்சுவதற்கு முன்பே காற்றில் கலந்துவிடும்.

சுண்ணாம்புக்கல்லைச் சுமார் 1,450 டிகிரி வெப்பத்தில் சுட்டுக் கிடைப்பது கிளிங்கர். அதுதான் சிமென்ட்டின் உயிர். அந்த உலையில் எரிபொருள் விடும் புகையைவிட, சுண்ணாம்புக்கல் சிதையும்போது அதிலிருந்தே கிளம்பும் கரியமில வாயு அதிகம், ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. ஆகவே ஆலையைக் காற்றாலை மின்சாரத்தில் ஓட்டினாலும் பாதிப் பிரச்சினைகூடத் தீராது. கிளிங்கரைத்தான் குறைக்க வேண்டும். ஓ.பி.சி. என்னும் சாதாரண சிமென்ட்டில் அது 90 சதவீதத்துக்கு மேல். பி.பி.சி. என்னும் கலப்பு சிமென்ட்டிலோ 15 முதல் 35 சதவீதம் வரை அனல்மின் நிலையச் சாம்பல் சேர்க்கலாம் என்கிறது ஐ.எஸ். 1489 தரவிதி. தோராயமாக, ஓ.பி.சி. மூட்டை ஒன்றுக்கு 40 கிலோ கரியமில வாயு என்றால் பி.பி.சி.க்கு 30 கிலோ. ஆயிரம் சதுர அடிக்கு 400 மூட்டை என்பது மேஸ்திரிகளின் வாய்க்கணக்கு. மூட்டையை மாற்றுவதாலேயே 4 டன் குறைகிறது. விலையும் பெரும்பாலும் சற்றுக் குறைவுதான்.

காண்ட்ராக்டரின் பயத்தில் பாதி உண்மை உண்டு. பி.பி.சி. மெதுவாகப் பலம் பிடிக்கும். முதல் சில வாரங்கள் பின்தங்கினாலும், மாதக்கணக்கில் பலம் ஏறிக்கொண்டே போகும். அவசரமாக சென்ட்ரிங் பிரிப்பவர்களுக்கும், மூன்றே நாளில் தண்ணீர் விடுவதை நிறுத்துபவர்களுக்கும்தான் அது ஒத்துவராது. ஐ.எஸ். 456 விதிப்படி ஓ.பி.சி. கான்கிரீட்டுக்குக் குறைந்தது 7 நாள், கலப்பு சிமென்ட்டுக்கு 10 நாள் ஈரம் காக்க வேண்டும். உங்கள் ஊர் வெயிலுக்கு 14 நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சென்ட்ரிங் எத்தனை நாளில் பிரிப்பது என்பதை இன்ஜினியரிடம் கேட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

சிமென்ட்டின் வகையைவிட எனக்குக் கவலை தருவது அளவு. வரைபடம் இல்லாமல், “எதுக்கும் இருக்கட்டும்” என்று தூணைப் பெருக்குவதும் கம்பியைக் கூட்டுவதும் ஊர்தோறும் நடக்கிறது. ஊதுலையில் ஒரு டன் இரும்பு உருவாக 2 டன்னுக்கு மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. தேவையில்லாத கம்பி வீட்டுக்குப் பலமும் அல்ல. மண் பரிசோதனை செய்து, ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் வரைபடம் வாங்குங்கள். அவருக்குக் கொடுக்கும் கட்டணம் கம்பிச் செலவில் திரும்பிவிடும். மாடி எழுப்பப் போவதில்லை என்கிறீர்களே, மண் நன்றாக இருந்தால் தூண், பீம் இல்லாமல் சுவரே சுமை தாங்கும் வீடு போதுமா என்றும் கேளுங்கள்.

கேரளத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் இந்தச் சிக்கனத்தைப் பல வீடுகளில் செய்துகாட்டினார். செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, உள்ளே இடைவெளி விட்டுக் கட்டும் ‘எலிப்பொறிக் கட்டு’ ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செங்கல்லை மிச்சப்படுத்தும். உள்ளே நிற்கும் காற்று வெக்கையையும் தடுக்கும். தளத்தின் அடிப்பாகத்தில் கான்கிரீட்டுக்கு வேலை குறைவு என்பதால், கம்பிகளுக்கு நடுவே பழைய ஓடுகளை வைத்துத் தளம் போட்டார். இரண்டுக்கும் பழகிய கொத்தனார் வேண்டும். அப்படி யாரும் அமையாவிட்டால் வற்புறுத்தாதீர்கள். சூளையில் சுடாத ஃப்ளை ஆஷ் கல்லைத் தரம் பார்த்து வாங்குங்கள். தரைக்கு ஆத்தங்குடிக் கல் உங்களுக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. அதிலும் சிமென்ட் உண்டு, ஆனால் விட்ரிஃபைடு டைல்ஸ் போல உலையில் சுடுவதில்லை.

கேள்வி: எல்.சி.3 சிமென்ட் என்று ஒன்று வந்திருப்பதாகப் படித்தேன். அதற்காகக் காத்திருக்கலாமா?
- வாசகி, கோவை

பதில்: சுட்ட களிமண்ணும் சுடாத சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து, கிளிங்கரைப் பாதியாகக் குறைக்கும் சிமென்ட் அது. சென்னை ஐ.ஐ.டி.யும் இந்த ஆராய்ச்சியில் பங்கேற்றது. 2023இல் ஐ.எஸ். 18189 என்ற தரவிதியும் வந்துவிட்டது. கடையில் கேளுங்கள், கிடைத்தால் இன்ஜினியரைக் கலந்துகொண்டு வாங்குங்கள். அதற்காக வேலையைத் தள்ளிப்போட வேண்டாம். பி.பி.சி. வாங்கி, 14 நாள் தவறாமல் தண்ணீர் விடுங்கள்.